கெடு முடிந்த அப்பீலுக்கு உயிர் வந்த கதை: கால்டர் எதிர் புல், 1798

வழக்கில் தோற்றாயிற்று, அப்பீல் கெடுவும் போயிற்று. அதற்கப்புறம் சட்டமன்றம் நுழைந்து, "அந்தத் தீர்ப்பு செல்லாது, மறுபடி விசாரியுங்கள்" என்றால்? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இது நடந்தது.

(திரையில்: ஹார்ட்ஃபோர்ட், 1793)

நார்மண்ட் மாரிசன் எழுதிய உயில்தான் சண்டைக்குக் காரணம். உயில் செல்லுமென்றால் சொத்து கேலப் புல் தம்பதிக்கு. செல்லாதென்றால் வாரிசு உரிமைப்படி கால்டரின் மனைவிக்கு. 1793 மார்ச்சில் உயிலை ஏற்க நீதிமன்றம் மறுத்தது. புல் தரப்பு அப்பீல் செய்யவில்லை. 18 மாதத்துக்கு மேல் ஓடிவிட்டதால் அந்த உரிமையும் போனது.

1795 மே மாதம் மாநிலச் சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஜூலையில் அதே நீதிமன்றம் அதே உயிலை ஏற்றுக்கொண்டது! கைக்கு வந்த சொத்து கால்டர் தரப்புக்குக் கைநழுவியது.

(திரையில்: பிலடெல்பியா, உச்ச நீதிமன்றம்)

கால்டர் தரப்பு பிடித்த பிடி வலுவானதுதான். நடந்து முடிந்த விஷயத்துக்குப் பின்னால் சட்டம் போட மாநிலங்களுக்கு அரசியலமைப்பே தடை விதிக்கிறதே?

நீதிபதி சாமுவேல் சேஸ் இதை ஏற்கவில்லை. செய்தபோது குற்றமாக இல்லாததைப் பிறகு குற்றமாக்குவது, குற்றத்தைப் பெரிதாக்குவது, தண்டனையைக் கூட்டுவது, தண்டிக்க வசதியாகச் சாட்சிய விதியைத் தளர்த்துவது: தடை இவற்றுக்குத்தான் என்றார். எல்லாமே குற்ற வழக்கு சமாச்சாரம். சொத்து வழக்குக்கு அந்தத் தடை பொருந்தாது. புல் தரப்பு ஜெயித்தது.

ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் படுவது தீர்ப்புக்குள் நடந்த இன்னொரு சண்டை. ஒருவர் சொத்தைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும் சட்டம், அரசியலமைப்பில் வெளிப்படையான தடை இல்லாவிட்டாலும் சட்டமே ஆகாது என்று சேஸ் எழுதினார். (எழுதிவிட்டு, இந்த வழக்கில் கால்டருக்குச் சொத்துரிமை இன்னும் உறுதிப்படவே இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார்.) இன்னொரு நீதிபதி ஜேம்ஸ் ஐர்டெல் மறுத்தார். இயற்கை நீதிக்கு, அதாவது எங்கும் எழுதி வைக்காத பொது நியாயத்துக்கு, நிலையான அளவுகோல் கிடையாது, எவ்வளவு திறமையான, நேர்மையான ஆட்களும் அதில் வேறுபடுகிறார்கள். அதை வைத்து நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்ய முடியாது என்றார். மற்றொரு நீதிபதி வில்லியம் குஷிங்குக்கு இந்த வம்பே வேண்டாம். எப்படிப் பார்த்தாலும் சிக்கலில்லாத வழக்கு என்று ஓரிரு வரியில் முடித்துவிட்டார்.

சேஸ் சொன்ன அந்த நாலு வகை இன்றும் நீதிமன்றங்களில் புழங்குகிறது. வழக்குத் தொடரும் கெடு முடிந்த பழைய குற்றங்களுக்குக் கலிஃபோர்னியா புதுக் கெடு கொடுத்தபோது, 2003-இல் உச்ச நீதிமன்றம் சேஸின் பட்டியலைக் காட்டி, 5-க்கு 4 என்ற கணக்கில் அது செல்லாது என்றது.