தண்ணீரில் ஓட்டும் பலகையைப் பனிமலைக்குக் கொண்டுபோனவர்! பெரிய ஸ்கீ நிறுவனங்கள் எதிர் கொட்டகைப் பட்டறைகள்

ஆட்டமிக், சாலமன், ஆர்மடா. பனிச்சறுக்குக் கடையில் இந்த மூன்று பெயர்களும் பரம எதிரிகளைப் போல முறைத்துக்கொண்டு நிற்கும். உண்மையில் மூன்றும் பின்லாந்தின் ஆமெர் ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் பிள்ளைகள். அந்தக் குழுமத்தையே 2019-இல் சீனாவின் விளையாட்டுப் பொருள் நிறுவனமான ஆன்டா தலைமையிலான கூட்டணி வாங்கிவிட்டது. இத்தனை பணபலத்துக்கு எதிரில், கொட்டகையில் நாலு பேர் சேர்ந்து ஸ்கீ, அதாவது பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீளப் பலகை, செய்து விற்கிறார்கள். அதுவும் பெரியவர்கள் பார்த்துக் காப்பியடிக்கும் அளவுக்கு! எப்படி? இதில் தீயணைப்பு வண்டியின் குழாய் ஒன்று வருகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

வரலாற்றை இரண்டே வரியில் முடித்துவிடுகிறேன். 1907-இல் பிரான்ஸில் ஆபெல் ரொசிஞோல் என்ற தச்சர் மரத்தில் ஸ்கீ செய்யத் தொடங்கினார். 1950 வாக்கில் ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் அதில் அலுமினியத்தைச் சேர்த்தார். பிறகு கண்ணாடியிழை வந்தது. அவ்வளவுதான்.

இப்போது குழாய். ஸ்கீக்குள் ரகசியம் எதுவும் கிடையாது: நடுவில் மரம், மேலும் கீழும் கண்ணாடியிழை, ஓரத்தில் எஃகு விளிம்பு, அடியில் வழுக்கும் பாலிஎத்திலீன். எப்பாக்சிப் பசை தடவி அடுக்கி, சூடேற்றி, அழுத்த வேண்டும். பெரிய ஆலைகளில் ஒவ்வொரு மாடலுக்கும், அதன் ஒவ்வொரு நீளத்துக்கும் தனித்தனி உலோக அச்சு இருக்கும். வடிவத்தை மாற்றினால் அச்சையும் மாற்ற வேண்டும்; செலவு எகிறும். அதனால் அவர்கள் துணிவதற்குமுன் பத்து முறை யோசிப்பார்கள்.

கொட்டகைக்காரர் என்ன செய்கிறார்? இரண்டு கனமான எஃகு உத்தரங்கள். நடுவில் மரத்தில் வெட்டிய அச்சு, அதன்மேல் பசை காயாத ஸ்கீ, அதற்கும் மேலே தட்டையாகக் கிடக்கும் தீயணைப்புக் குழாய். காற்றடிக்கும் இயந்திரத்தை ஓடவிட்டால் குழாய் உப்பி, ஸ்கீயை அழுத்துகிறது. ஸ்கீ நடுவில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் இருக்கும்; குழாய் அந்த மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் தருகிறது. தீயை அணைக்கச் செய்த பொருளுக்கு இப்படி ஒரு வேலை! எனக்கு இந்த வீடியோவிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். வடிவம் பிடிக்கவில்லையா? மரத்தில் இன்னோர் அச்சை வெட்டிக்கொள்ளலாம்.

இந்தத் துணிச்சல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கிதான் சாட்சி. 1996-இல் அர்ஜென்டினாவின் மதுக்கடை ஒன்றில், கைதுடைக்கும் காகிதத்தில் அவர் ஒரு ஸ்கீயை வரைந்தார். அதுவரை ஸ்கீயின் நடுப்பகுதி தரையிலிருந்து சற்று எழும்பியிருக்கும், அகலத்தில் இடுப்புப் போல ஒடுங்கியும் இருக்கும். அவர் இரண்டையும் தலைகீழாக்கினார்: நடுப்பகுதி அகலம், இரு முனைகளும் வாழைப்பழம் போல மேலே வளைவு. ஆழமான தூள்பனியில் ஸ்கீ வெட்டிக்கொண்டு போகவேண்டியதில்லை, மிதந்தால் போதும் என்பது அவருடைய வாதம். நிரூபிக்க என்ன செய்தார் தெரியுமா? தண்ணீரில் சறுக்கும் பலகைகளில் பனிச்சறுக்குக் காலணி மாட்டும் பிடிகளைப் பூட்டி, அலாஸ்காவின் செங்குத்தான சரிவில் இறங்கினார்!

கொலராடோவின் வொலான்ட் நிறுவனம் அதை ஸ்பாட்சுலா என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓட்டுவது எப்படி என்று மெக்கான்கியே கிண்டலும் கேலியுமாக ஒரு கையேடு எழுதிக் கொடுத்தார். கெட்டிப்பனியில் அது ஆபத்தான சாமான். ஆனால் அந்த மேல்வளைவு இன்று ஏறத்தாழ எல்லாப் பெரிய நிறுவனங்களின் பட்டியலிலும் இருக்கிறது.

விலை? சிறியவர்களின் ஸ்கீ மலிவு என்று நினைக்காதீர்கள். பலர் கடைக்காரரின் பங்கைத் தவிர்த்து நேரடியாக விற்கிறார்கள். அப்படியும் விலை இறங்குவதில்லை, கைவேலைக் கூலி இருக்கிறதே. புதிதாகக் கற்பவர் யாரிடமும் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள் என்பது என் கட்சி.

கடைசியாக ஜேசன் லெவின்தால். 1995-இல் பெற்றோரின் கார் கொட்டகையில் லைன் என்ற ஸ்கீ நிறுவனத்தைத் தொடங்கினார். 2006-இல் அது கே2 என்ற பெரிய ஸ்கீ நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த கே2-வும் அமெரிக்காவின் வாஷான் தீவில், கண்ணாடியிழையில் விலங்குக் கூண்டு செய்துகொண்டிருந்த பட்டறையிலிருந்து கிளம்பியதுதான்! லெவின்தால் சும்மா இருந்தாரா? 2013-இல் ஜே ஸ்கீஸ் என்று மறுபடியும் சிறிதாகத் தொடங்கிவிட்டார். உங்கள் பட்டறைக்குப் பெரிய நிறுவனம் ஒன்று விலை பேசினால் விற்பீர்களா, மாட்டீர்களா? கீழே எழுதுங்கள், "விற்றுவிட்டு மறுபடியும் தொடங்குவேன்" என்கிறவர்களுக்கு என் தனி லைக் உண்டு.