விரல் அசைவுக்குக் காத்திருக்கும் இசை

வணக்கம்.

கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? முகூர்த்த நேரத்தில் ஏதோ ஒரு கீர்த்தனை ஓடிக்கொண்டிருக்கும். அவர் கண் மட்டும் மணவறை மேல் இருக்கும். மந்திரம் எப்போது முடியும் என்று அவருக்குத் தெரியாது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று யாரோ விரலை ஆட்டியதும், பல்லவியோ சரணமோ, இருந்த இடத்தில் அப்படியே விட்டுவிட்டு மேளம் உச்சத்துக்குப் போகும். தாலி ஏறிய பிறகு மெல்ல இறங்கும்.

சினிமாவுக்கு இசையமைப்பவருக்கு இந்தப் பாடு இல்லை. எந்த நொடியில் கதவு திறக்கும் என்பது படத்திலேயே முடிவாகிவிட்டது. ஆடுகிறவர் இஷ்டப்படி சுற்றித் திரியும் 'ஓபன் வேர்ல்ட்' வீடியோ கேமுக்கு இசையமைப்பவர்தான் மண்டபத்து நாதஸ்வரக்காரர். ஆடுகிறவர் நேரே மலை ஏறலாம். ஆற்றங்கரையில் அரை மணி நேரம் சும்மா நிற்கலாம். வழி தவறிக் கொள்ளைக்கூட்டத்தின் நடுவில் போய் விழலாம். விரல் எப்போது ஆடும் என்று யாருக்கும் தெரியாது.

இசையின் அருமை எனக்குத் தெரிந்தது அது இல்லாமல் ஆடியதால்தான். பள்ளிக்கூட நாட்களில் 'ஜிடிஏ வைஸ் சிட்டி' எனக்குக் கிடைத்தது ஒரு திருட்டு சி.டி.யில். அளவைக் குறைக்க வேண்டுமென்று எவரோ அந்த கேமின் கார்களில் பாடும் ரேடியோவை மொத்தமாக வெட்டிவிட்ட பிரதி அது. இங்கே சிரிக்கிறவர்கள் பலரும் அதே சி.டி.யைத்தான் ஆடியிருப்பீர்கள். காரில் ஏறினால் இன்ஜின் சத்தம், டயர் சத்தம், அவ்வளவுதான். அதையே குறை தெரியாமல் இரண்டு வருஷம் ஆடினேன்.

பிறகு முழு கேம் கைக்கு வந்தது. காரில் ஏறுகிறேன், ஃப்ளாஷ் எஃப்எம் பாடுகிறது. அடுத்த வண்டியில் வி-ராக். இன்னொருவனுடைய வண்டியைப் பிடுங்கினால் அவன் கேட்டுக்கொண்டிருந்த ஸ்டேஷன் எனக்கு வந்து சேர்கிறது. 2002இல் வெளிவந்த அந்த கேமின் கதை 1986இல் நடக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது. அதுவரை அது வெறும் ஒரு கடற்கரை ஊர். ரேடியோ வந்ததும் அந்த ஊருக்கு ஒரு வருஷமும், சட்டை நிறமும், ஆட்களுக்குத் தனித்தனி ரசனையும் வந்துவிட்டன. மிஷனை மறந்துவிட்டு, பாட்டு முடியட்டும் என்று ஊரை இன்னொரு சுற்று சுற்றினேன். இது சுலபமான வழி என்று சொல்லலாம். கார் இருக்கிறது, காரில் ரேடியோ இருக்கிறது, பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் ஆடுகிறவர்தான்.

கார் இல்லாத இடத்தில் என்ன செய்வது? 2010இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' கதை 1911இல், அமெரிக்க மெக்சிகோ எல்லையில் நடக்கிறது. குதிரையில் ரேடியோ வைக்க முடியாது. இசையமைத்த பில் எல்மும் வுடி ஜாக்சனும் ஒரு முடிவெடுத்தார்கள்: பின்னணி இசை முழுக்க ஒரே சுருதி, ஒரே வேகம். ஏ மைனர், நிமிடத்துக்கு 130 தட்டு. கிட்டார் தனி, தாளம் தனி, டிரம்பெட் தனி, நம் முகர்சிங்குக்கு உறவுக்காரக் கருவி ஒன்று தனி என்று அடுக்கடுக்காகப் பதிவு செய்தார்கள். எதை எதன்மேல் வைத்தாலும் பொருந்தும். சும்மா நடந்தால் ஓரிரு அடுக்கு, துப்பாக்கி வெடித்தால் இன்னும் நாலு அடுக்கு. சண்டை ஓய்ந்தால் ஒவ்வொன்றாக உதிரும். இதை எப்படி யோசித்தார்கள் என்று வியக்கிறவர்கள் உண்டு. கச்சேரி கேட்டவர்களுக்கு இதில் பாதி தெரிந்த சங்கதிதான். சுருதியும் காலப்பிரமாணமும் அசையாமல் இருந்தால், யார் எங்கே உள்ளே வந்தாலும் சேர்ந்துகொள்ளலாம்.

அந்த கேமில் எல்லாரும் பேசும் ஓர் இடம் உண்டு. நாயகன் ஜான் மார்ஸ்டன் படகில் ஆற்றைக் கடந்து மெக்சிகோ பக்கம் வந்து சேர்கிறான். துப்பாக்கிச் சண்டை முடிந்து, தனியாகக் குதிரை ஏறுகிறான். அப்போது ஒரு குரல் பாடத் தொடங்குகிறது, ஸ்வீடன் பாடகர் ஹொசே கொன்சாலஸ். அதுவரை மணிக்கணக்காகக் குதிரை ஓட்டியபோது வாத்திய இசை மட்டும்தான். முன்பின் தெரியாத நிலம், திரும்பிப் போக வழியில்லை, காதில் முதல்முறையாக ஒரு மனிதக் குரல். என் கட்டைவிரல் தானாகவே வேகத்தைக் குறைத்தது. மெதுவாகப் போ என்று திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

ஆனால் என் நண்பர் ஒருவர் அதே இடத்தில் ஏதோ மிருகத்தைச் சுடக் குதிரையிலிருந்து குதித்துவிட்டார். பாட்டு வந்ததே அவருக்கு நினைவில்லை. இசையமைப்பாளர் கதவைத் திறந்து வைக்கலாம், கையைப் பிடித்து உள்ளே இழுக்க முடியாது. அவருக்கு நான் இன்னும் அந்த இடத்தை விவரித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்தது. 2017 மார்ச்சில் நின்டெண்டோ வெளியிட்ட 'ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்'. 1986இல் கோஜி கோண்டோ போட்ட வீரநடை மெட்டு ஒன்று இந்தத் தொடருக்கு அடையாளம். அதைக் கேட்கத்தான் ரசிகர்கள் காத்திருந்தார்கள். கிடைத்ததோ காற்று, புல் உரசும் சத்தம், காலடி. நடுவில் பியானோவில் நாலைந்து சுரம், மறுபடி அமைதி. முதல் நாள் மாலை நான் எழுந்துபோய் டிவி வால்யூமைச் சரிபார்த்தேன். இசையே இல்லை என்று குறைபட்டவர்களும் இருந்தார்கள். எனக்கோ, நூறு மணி நேரம் ஆடுகிற கேமில் அந்த வீரநடை விடாமல் ஒலித்திருந்தால் பத்தாவது மணியில் சத்தத்தை அணைத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

அமைதியை விரித்துவைத்தால் அதில் விழும் ஒவ்வொரு சுரத்துக்கும் எடை கூடுகிறது. அந்த உலகில் கார்டியன் என்று சிலந்திபோல் கால் முளைத்த இயந்திரங்கள் பாழடைந்து கிடக்கும். செத்ததென்று நினைத்துப் பக்கத்தில் போனால், சில எழுந்துகொள்ளும். உடனே பியானோ தடதடவென்று பதறும். அது எந்தத் திசையில் நிற்கிறது என்று கண் தேடுவதற்குள் கை ஓடத் தொடங்கியிருக்கும். அமைதியிலிருந்து பாய்வதால்தான் அந்தப் பியானோவுக்கு அத்தனை பலம். கெட்டிமேளத்தையே காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தால் தாலி கட்டும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அங்கே 'காலத்தின் கோயில்' என்று கூரை இடிந்த ஓர் இடம் உண்டு. 1998இல் வந்த பழைய ஜெல்டா கேமிலும் அதே பெயரில் ஒரு கோயில் இருந்தது, அதற்கொரு மெட்டும் இருந்தது. புதிய கேமில் அந்த மெட்டுதான் ஒலிக்கிறது. ஆனால் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி, மெட்டு என்றே தெரியாது. மூன்றாவது முறை போனபோதுதான் எனக்குப் பிடிபட்டது. சுவரில் எப்படிக் கல் உதிர்ந்திருக்கிறதோ அப்படி மெட்டிலும் உதிர்ந்திருக்கிறது. மீதியை என் நினைவு நிரப்பிக்கொண்டது. பழைய கேமை ஆடாதவருக்கு அது வெறும் சோகமான மணியோசை, அதுவும் தப்பில்லை.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 2008இல் வந்த 'ஜிடிஏ 4'இல் நாயகன் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவன். ரஷ்யப் பாடல்கள் பாடும் விளாடிவோஸ்டாக் எஃப்எம் அந்த ஊரில் அவனுக்குப் பாதி வீடு. 2018இல் பாடல்களின் உரிமக் காலம் முடிந்ததும், காசு கொடுத்து வாங்கியவர்களின் கேமிலிருந்தும் அந்தப் பாடல்களில் பெரும்பகுதி அப்டேட்டில் போய்விட்டது. தெரு அதே தெரு, கார் அதே கார். அன்று சி.டி.யில் ரேடியோவை வெட்டியவர்மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

நேரம் ஆகிவிட்டது. விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். பின்னால் உள்ள திரையில் நாலு நிமிடம், ஜெல்டாவில் ராத்திரி நேரக் குதிரைப் பயணம். அந்த 1986 மெட்டு மெல்ல, அடையாளம் மாறி, எங்கே உள்ளே நுழைகிறது என்று பாருங்கள். தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டாம். நடுவில் எதுவுமே கேட்காத இடங்கள் வரும். ஸ்பீக்கர் கெட்டுப்போகவில்லை.