முப்பது ஆண்டு நோய்க்கு மூன்று ஆண்டு நிதி

(திருகோணமலையில் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, வைத்தியர்களே, பல்கலைக்கழக ஆசிரியர்களே, மாணவர்களே, மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் வலியுறுத்த வந்திருப்பது ஒரு விடயத்தை மட்டுமே. பல்கலைக்கழகங்களின் இதய நோய் ஆய்வுகளுக்கு அரசாங்கம் நிதி ஒதுக்கும்போது, அந்த நோய் உடலில் உருவாக எடுத்துக்கொள்ளும் காலத்தை அளவாக வைத்து ஒதுக்க வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் மாரடைப்போடு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் ஒருவரின் இதய நாடிகளில் கொழுப்புப் படியத் தொடங்கியது பெரும்பாலும் அவருடைய இளமைக் காலத்தில். நமது நாட்டில் ஓர் ஆய்வாளருக்குக் கிடைக்கும் உதவுதொகையோ பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு உரியது. அந்தக் காலத்துக்குள் ஒருவரின் குருதி அமுக்கத்தை அளந்து எழுதி வைக்கலாம். அந்த அமுக்கம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பார்ப்பதற்குள் பணமும் முடிந்துவிடும், பணியாளரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ஏற்பட்ட குருதிப்பெருக்கால் இறந்தார். அன்று அவருடைய குருதி அமுக்கம் 300/190 என்று பதிவாகியது. அது ஆண்டாண்டாக ஏறிவந்ததை அவருடைய வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால், வயது ஏற அமுக்கமும் ஏறுவது இயல்புதான் என்ற எண்ணமே அக்கால மருத்துவத்தில் ஓங்கியிருந்தது. மூன்று ஆண்டுகளின் பின், 1948 ஜூனில், ஜனாதிபதி ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதே ஆண்டில் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் பிரேமிங்ஹாம் என்ற சிறு நகரத்தில் 5,209 ஆண்களையும் பெண்களையும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்கும் ஆய்வு ஆரம்பமாகியது. தொடக்க ஒதுக்கீடு ஐந்து இலட்சம் டொலர். இருபது ஆண்டுகள் நடத்துவது என்று முதலிலேயே தீர்மானித்திருந்தார்கள். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே முன்னொரு காலத்தில் காசநோய்க்கான சமுதாயச் செயற்றிட்டம் ஒன்று நடந்திருந்தது; வீட்டு வாசலுக்கு வரும் சுகாதார ஊழியரை நம்பி உள்ளே அழைக்கப் பழகியிருந்த மக்கள் அவர்கள்.

உயர் குருதி அமுக்கமும் கொலஸ்ட்ரோலும் இதய நோய்க்கு முன்னோடிகள் என்பதை அந்த ஆய்வு 1961 அளவில் எண்களோடு காட்டியது. இன்று நம்முடைய கிளினிக்கில் ஒரு தாதி கையில் பட்டியைச் சுற்றி அமுக்கம் பார்ப்பதன் பின்னால் நிற்கும் அறிவு அங்கே திரண்டதுதான்.

அதற்கு அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டுகள் நிறைவுறும் வேளையில், கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று சொல்லி அரச நிதியை நிறுத்த முடிவெடுத்தார்கள். ஆய்வின் முன்னாள் பொறுப்பாளரான வைத்தியர் தோமஸ் டோபர் தனியாரிடம் நிதி திரட்டி அதைக் காப்பாற்றினார். 1971இல் பொஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஊடாக அரச நிதி மீண்டும் வந்தது. முதலில் சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் அதே ஆண்டில் ஆய்வுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். 2002இல் பேரப்பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒழுங்கற்ற இதயத் துடிப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பதை இந்த ஆய்வு 1978இல் காட்டியது. இருபதாம் ஆண்டில் கதவை மூடியிருந்தால் அந்த முடிவு அவர்களுக்குக் கிடைத்திராது. ஒரு செல்வந்த நாட்டிலேயே இப்படி நூலிழையில் தப்பிய வேலை இது.

இங்கிலாந்தின் ஹாட்போர்ட்ஷயர் மாவட்டக் கதை என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. 1911இலிருந்து அங்கே மருத்துவ மாதுக்கள் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு நிறையையும் ஒரு வயது நிறையையும் பேரேடுகளில் எழுதி வைத்தார்கள். இதய நோய் ஆய்வு என்று யாரும் அன்று நினைக்கவில்லை; பலவீனமாகப் பிறக்கும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதே நோக்கம். பல பத்தாண்டுகள் கழித்துப் பேராசிரியர் டேவிட் பாக்கரும் அவருடைய குழுவினரும் அந்தப் பேரேடுகளைக் கண்டெடுத்து, அந்தப் பிள்ளைகள் எப்போது, எதனால் இறந்தார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். நிறை குறைந்து பிறந்தவர்களும் முதல் ஆண்டில் நன்றாக வளராதவர்களுமே பிற்காலத்தில் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989இல் அந்த முடிவு வெளியானது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் உண்ட உணவு, அந்தப் பிள்ளையின் அறுபதாவது வயதில் கணக்குக் கேட்கிறது என்ற அறிவு மருத்துவத்துக்குள் உறுதியாக நுழைந்தது அதன் பிறகுதான்.

இப்போது நம்முடைய மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். இடப்பெயர்வு முகாம்களிலும், 2004 கடற்கோளுக்குப் பிந்திய தற்காலிகக் கொட்டகைகளிலும், 2006இல் சம்பூரையும் மூதூரையும் விட்டு நடந்த நாட்களிலும் கருவில் இருந்த பிள்ளைகள் இன்று இளைஞர்கள். அவர்களுடைய இதயம் இன்னும் இருபது ஆண்டில் என்னவாகும் என்று ஹாட்போர்ட்ஷயரின் பேரேடு நமக்குச் சொல்லாது. நாம்தான் அவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

தெற்காசியர் விடயத்தில் இது இன்னும் அவசரமானது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் இடம்பெற்றது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியாவில் 53. ஏனைய நாடுகளில் ஏறத்தாழ 59. ஆறு ஆண்டுகள் முந்தி வருகிறது. உழைக்கும் வயதில், பிள்ளை உயர்தரம் படிக்கும் காலத்தில், வள்ளத்தின் கடன் முடியாத நிலையில் வருகிறது. மாரடைப்பு வந்தவரையும் வராதவரையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. ஏன் முந்தி வருகிறது என்பதைப் படிப்படியாகக் காண வேண்டுமானால் சுகமாக இருப்பவரை இளமையிலிருந்தே பின்தொடர வேண்டும்.

நம் நாட்டில் இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ராகமையில் 35 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ மூவாயிரம் பேரை 2007இல் பதிவுசெய்து, ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் துணையோடு தொடர்ந்து பார்த்து வருகிறது. பாராட்ட வேண்டிய பணி. ஆனால் ராகமை கொழும்பை ஒட்டிய நகர்ப்புறம். கொட்டியாரக் குடாவில் வலை இழுப்பவரும், தம்பலகாமத்தில் வயல் செய்பவரும், கருவாட்டுக் குழம்போடு சோறுண்டு வெயிலில் நாள் முழுதும் நிற்பவரும் அந்த எண்களுக்குள் இல்லை.

நம்மிடம் பதிவே இல்லையா என்றால், இருக்கிறது. நோயாளியின் கையில் இருக்கிறது. கிளினிக் நாளன்று வைத்தியசாலை வாங்கில் அமர்ந்திருப்பவர்களின் மடியைப் பாருங்கள். பொலித்தீன் பைக்குள் ஒரு கொப்பி. பிரவுண் தாள் உறை, மேலே இலக்கம், உள்ளே மாதாமாதம் திகதி, அமுக்கம், சீனி அளவு, மாத்திரையின் பெயர், வைத்தியரின் சுருக்கெழுத்து. நடுவில் ஸ்டேப்பிள் அடித்த ஈசிஜி துண்டு. அந்தத் தாள் சூட்டில் அச்சாகும் வகையைச் சேர்ந்தது. சில ஆண்டுகளில் கோடுகள் மங்கி வெறுந்தாளாகிவிடும். கொப்பி முடிந்ததும் புதியது தொடங்குகிறது. பழையது வீட்டில் எங்கோ கிடந்து, ஒரு மழைக்கோ ஒரு இடப்பெயர்வுக்கோ பலியாகிறது. ஒரு மனிதரின் பத்து ஆண்டு இதய வரலாறு அவ்வளவோடு போய்விடுகிறது. யாருடைய அலட்சியமும் இதற்குக் காரணம் இல்லை. அதைச் சேர்த்து வைப்பதற்கென்று ஒரு ஊழியருக்கும் ஒரு அலுமாரிக்கும் எந்த ஆண்டிலும் பணம் ஒதுக்கப்படவில்லை.

2022இல் மருந்தே இல்லாமல் நின்றோமே, அந்த நாட்டில் ஆய்வுக்கு ஏது பணம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். மாத்திரை இல்லாமல் திரும்பியவர்களின் முகத்தை நானும் கண்டவன். ஆனால் இத்தகைய ஆய்வில் பெருஞ்செலவு இயந்திரங்களுக்குப் போவதில்லை. வீடு வீடாகப் போய், விலாசம் மாறியவரைக் கிராம சேவையாளரிடம் விசாரித்துத் தேடிப் பிடிக்கும் ஊழியரின் சம்பளமே அதன் முதுகெலும்பு. இந்த மாவட்டத்திலிருந்து பைபாஸ் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கும் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலையும் குடும்பங்களின் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரலில் உடைந்ததை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டைப் பராமரிக்கும் செலவு எந்த ஆண்டிலும் பலன் தந்ததாகக் கண்ணுக்குத் தெரியாது. இதுவும் அப்படிப்பட்ட செலவே.

தனியார் செய்யட்டும் என்றும் சொல்கிறார்கள். மருந்து நிறுவனத்துக்குக் காப்புரிமை இருபது ஆண்டு; அதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். உப்பைக் குறைத்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று முப்பது ஆண்டு காத்திருந்து பார்ப்பதில் எந்த நிறுவனத்துக்கும் இலாபம் இல்லை. சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கும் அரசுக்கு அதில் நேரடி இலாபம் உண்டு.

ஆகவே நான் கேட்பது இது. தேசிய ஆய்வு நிதியில் ஒரு பகுதி, ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டாதபடி, நீண்டகாலப் பின்தொடர் ஆய்வுகளுக்கென்று தனியே ஒதுக்கப்பட வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியார் வந்து பரிசோதிக்கட்டும். வேலை சரியில்லையென்றால் நடத்துபவரை மாற்றட்டும், ஆய்வை மூட வேண்டாம். மட்டக்களப்பில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ ஆசிரியர்களும் இங்கே கோணேசபுரி வளாகத்தில் உள்ளவர்களும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளோடு சேர்ந்து இதை நடத்த வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்கள் மூன்றும் தொடக்கத்திலேயே அதில் இடம்பெற வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றால் ஒப்பிட வழியிருக்காது. பரிசோதனை முடிவு பங்குபற்றியவருக்குத் தமிழிலோ சிங்களத்திலோ எழுத்தில் திரும்பிப் போக வேண்டும். தன் குருதியைக் கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு.

இதற்கெல்லாம் முன்பாக, எந்தப் பாதீட்டுக்கும் காத்திராமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர்களின் பழைய பிறப்பு நிறைப் பதிவேடுகள் இந்த மாவட்டத்தின் பணிமனைகளில் எங்கெங்கே மிஞ்சியிருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். கறையான் அரித்ததும் ஈரத்தில் ஒட்டியதும் போக மீதியைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்க வேண்டும். சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியும், பெயர் விபரங்களைப் பாதுகாக்கும் ஒழுங்கும் வேண்டும். அதற்கான கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். இந்த மண்டபத்தில் இருக்கும் வைத்திய அதிகாரிகளும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் கூட்டம் முடிந்ததும் அதை வாசித்து, உடன்பட்டால் ஒப்பமிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.