புறாமலைக் கரையும் கரைக்கு அப்பாலும்

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் புறாமலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஓம், போயிருக்கிறம், கரையிலை நிண்டு படம் எடுத்தனாங்கள்" என்பார். தண்ணீருக்குள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒரு சிரிப்புத்தான் பதில். எங்கிருந்தோ வருகிறவர்கள் முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு குப்புற மிதக்க, நாம் முழங்கால் நனைத்துத் திரும்புகிறோம். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

புறாமலை என்றும் புறாத்தீவு என்றும் சொல்கிற இந்த இடம் நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரம். பெரியது, சிறியது என்று இரண்டு தீவுகள். பெரியதன் நீளமே 200 மீற்றர் அளவுதான். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே சுட்டுப் பழகினார்கள் என்பார்கள். 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் தேசிய பூங்கா ஆனது.

வள்ளத்தை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வித்தியாசம் காலுக்கே தெரியும். நிலாவெளியின் மாவு மணல் சில இடங்களில் இல்லை. விரல் நீளத்தில் வெள்ளைத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன, மிதித்தால் கலகலக்கின்றன. எல்லாம் செத்த முருகைக்கல், அதாவது பவளப்பாறை. ஒரு காலத்தில் கரையோர ஊர்களில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய அதே கல். வாடைக்காற்றுக் காலத்து அலை, கிளைகிளையாக வளர்ந்த முருகைகளை உடைத்துக் கரையில் ஒதுக்கிவிடுகிறது. மணலுக்கு வேறு கதை. கிளிமீன் தன் அலகு போன்ற பல்லால் முருகையைச் சுரண்டித் தின்னும். உணவு உடம்பில் சேர, கல் அரைபட்டு மணலாக வெளியேறும். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலைக் கழிக்கும். வெப்பக்கடல் கரைகளில் நாம் புகழ்கிற வெள்ளை மணலில் ஒரு பங்கு இப்படி மீனின் வயிற்றிலிருந்து வந்ததுதான்!

சரி, உயிருள்ள முருகை எங்கே என்றால், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான். கல் மாதிரித் தெரிவது உண்மையில் பல்லாயிரம் குட்டி உயிரிகள் சேர்ந்து கட்டிய வீடு. அவற்றின் உடம்புக்குள் பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சமைத்துக் கொடுக்கிறது, உயிரி இடம் கொடுக்கிறது. கடல் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடிப் பல வாரம் அப்படியே நின்றால், பாசி வெளியேறி முருகை வெளுத்துவிடும். 1998இல் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கம் பெருமளவு அப்படித்தான் அழிந்தது. திருகோணமலை அந்த முறை பெரும்பாலும் தப்பியது. உருண்டைத் திரளான முருகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். களைத்துப்போய் அதன்மேல் ஒருவர் காலை ஊன்றினால் போவது எத்தனை வருடத்து வளர்ச்சி என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆகவே கற்க வேண்டியது நீச்சலைவிட, கால் ஊன்றாமல் மிதப்பது. இதை முதல்நாளே உப்புவெளியில் இடுப்பளவுத் தண்ணீரில் பழகுங்கள். கண்ணாடிக்குள் எச்சில் தடவி அலம்பினால் புகை படியாது. மீசைக்காரர்களுக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் கசியும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. குழாயைப் பல்லால் மெதுவாகக் கவ்வி, வாயால் மட்டும், நிதானமாக மூச்சு விடுங்கள். பயத்தில் குட்டிக்குட்டி மூச்சு விடுகிறவர்தான் சீக்கிரம் களைக்கிறார். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் பலமாக ஒரு ஊது, போய்விடும். லைஃப் ஜாக்கெட் போட வெட்கப்படாதீர்கள். அது காலை மேலேயும் வைத்திருக்கும்.

முகத்தை அமிழ்த்தியதும் முதலில் வருவது சத்தம்: தாச்சியில் எள்ளு வெடிக்கிற மாதிரி ஓயாத பொரிச்சல். சொடுக்கு இறால்களின் வேலை அது. அப்புறம்தான் மீன்கள். அதிர்ஷ்டம் இருந்தால் அழுங்காமையும் வரும். துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் இங்கே பேர்போனவை. ஆளைக் கண்டால் விலகிப்போகிற கூச்சக்காரச் சாதி. தண்ணீருக்குள் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கரைக்கு வந்து ஆறடி, ஏழடி என்று அளந்துவிடுகிறவர்களை நம்பும்போது அதையும் கழித்துக்கொள்ளுங்கள். கூச்சக்காரச் சுறாதானே என்று துரத்திக்கொண்டு போகவும் வேண்டாம்.

பெண்கள் பலர் உடுப்பை நினைத்துத்தான் கரையோடு நின்றுவிடுகிறார்கள். நீளக் கை ரீசேட்டும் லெக்கிங்ஸும் போதும். சொல்லப்போனால் அதுதான் நல்ல உடுப்பு. முதுகு வெயிலில் வெந்துபோகாது, சில வெயில் கிறீம்களில் முருகைக்குக் கேடான இரசாயனம் இருக்கிறது, அந்தப் பூச்சும் தேவைப்படாது.

போவதற்கு நல்ல காலம் மே முதல் செப்டெம்பர் வரை. நுழைவுச் சீட்டு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துடையது, வள்ளக் கூலி வேறு. காலையிலேயே போய்விடுங்கள். அந்த மாதங்களின் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையோரம் கடல் அடங்கிக் கிடப்பதும் அதனால்தான், குப்புற மிதக்கிறவரை அவர் அறியாமலே வெளிக்கடல் பக்கம் தள்ளுவதும் அதே காற்றுத்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரை எங்கே என்று பாருங்கள். தனியே இறங்காதீர்கள். திரும்பும் நேரத்தை வள்ளக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.