காதுச் சீழ் மூளைக்குப் போனால்

[காட்சி: கொக்கட்டிச்சோலையில் ஒரு வீட்டு விறாந்தை. பின்னேரம்.]

வெற்றிலை வட்டா கண் முன்னால்தான் இருக்கிறது. ஐயா விரலால் காட்டுகிறார், பெயர் வாயில் வரவில்லை. "அந்தா... அது... அதை எடு மனே" என்கிறார். வலது கையில் இருந்த பாக்குவெட்டி நழுவி விழுகிறது.

பாரிசவாதம் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஆனால் பாரிசவாதம் பெரும்பாலும் சட்டென்று வரும். இவருக்கு ஒரு கிழமையாகத் தலையிடி, பனடோலில் ஓடுகிறது. கை தளர்ந்து மூன்று நாள். இடது காதில் வருசக்கணக்காகச் சீழ்.

ஐயா நாம் கற்பனை செய்த ஆள். வருத்தம் உண்மையானது. அதன் பெயர் மூளைச் சீழ்க்கட்டி.

[காட்சி: காதின் குறுக்குவெட்டுப் படம்.]

நடுக்காதுக்கும் மூளைக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய எலும்புத் தகடு. நாட்பட்ட சீழ் அதை அரித்துவிடும். அதற்கு மேலேதான் மூளையின் பக்க மடல். பெரும்பாலானோருக்கு இடப்பக்க மடல்தான் சொற்களைத் தேடி எடுத்துத் தருகிறது. வட்டாவின் பெயர் தொலைந்தது அங்கேதான்.

கிருமி வேறு வழிகளிலும் போகும். சைனஸ், சொத்தைப் பல், தலைக்காயம். பிறவி இருதய நோயால் உதடு நீலம் பாரிக்கும் பிள்ளைகளுக்கும் வரலாம். கிருமியை வடிகட்டும் நுரையீரலுக்குப் போகாமலே அவர்களின் இரத்தத்தில் ஒரு பங்கு மூளைக்குப் போய்விடுகிறது.

நம் பக்கத்து வயற்காரர் அறிய வேண்டியது இன்னொன்று: மெலியோய்டோசிஸ். ஈர மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழும் கிருமி, கால் வெடிப்பு வழியாகவும் உள்ளே போகும். சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். அரிதாக மூளையிலும் கட்டி வைக்கும். இதற்கு மருந்தே வேறு. அதனால் வயலில் இறங்குவதையும் சீனி இருப்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

[காட்சி: சிடி ஸ்கேன் படம். கரும்புள்ளியைச் சுற்றி வெள்ளை வளையம்.]

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? காய்ச்சலை நம்பாதீர்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காய்ச்சலே இருக்காது. தலையிடி, காய்ச்சல், கை கால் தளர்ச்சி மூன்றும் சேர்ந்து வருவது ஐந்தில் ஒருவருக்குத்தான். சிலருக்கு முதல் அடையாளமே வலிப்பு.

நரம்பில் சாயமருந்து ஏற்றி சிடி எடுத்தால் கட்டியின் உறை வளையமாகத் தெரியும். புற்றுக்கட்டியும் அப்படித் தெரியலாம். அங்கேதான் எம்ஆர்ஐ கைகொடுக்கிறது. சீழ் தடிப்பானது, அதற்குள் நீர் அசைவது குறைவு. அதை அளக்கும் படத்தில் கட்டியின் நடு வெள்ளையாக ஒளிரும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது இந்த வருத்தத்தில் ஆபத்து. மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது கீழே நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கி நெரிபடலாம்.

[காட்சி: நாட்காட்டியில் வாரங்கள் புரள்கின்றன.]

இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டியென்றால் பெரும்பாலும் மண்டையில் சிறு துளையிட்டு ஊசியால் சீழை உறிஞ்சுவார்கள். அந்தச் சீழ் ஆய்வுகூடத்துக்குப் போகும். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் மருந்தைச் சரியாகத் தேர முடியும். முடிவு வரும்வரை பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு கிருமிகொல்லி மருந்துகள். சிறிய கட்டி மருந்திலேயே கரையலாம்.

கடினம் இதற்குப் பிறகுதான். ஊசிமருந்து 6 முதல் 8 கிழமை நரம்பில் ஏற வேண்டும். இரண்டாம் கிழமையிலேயே தலையிடி போய்விடும், பேச்சும் தெளியும். வயல் வெட்டுக்கு வந்திருக்கும். "எனக்குச் சுகம், துண்டு வெட்டுங்கோ" என்று எத்தனை பேர் நிற்பார்கள்! அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் உறைக்குள் மருந்து மெதுவாகத்தான் நுழையும். மீதிக் கிருமி திரும்பவும் கட்டி வைத்துவிடும். மறு ஸ்கேனில் கட்டி சுருங்கியதைக் கண்ணால் பார்க்கும்வரை கட்டிலை விடாதீர்கள்.

1970களில் இந்த வருத்தம் வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் இறந்தார்கள். ஸ்கேன் பரவிய பிறகு அது பத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. பிந்திப் போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தலையிடியோடு பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் தளர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை.

[காட்சி: அதே விறாந்தை. ஐயாவின் இடது காதில் பஞ்சு.]

அப்புறம் அந்தக் காது. மூளைக் கட்டி ஆறினாலும் அரிபட்ட எலும்பு அப்படியேதான் இருக்கிறது. காது, மூக்கு, தொண்டை டொக்டர் அதைத் துப்புரவாக்கும்வரை ஐயாவுக்கு வைத்தியம் முடியவில்லை.