வாக்குமூலத்தை எழுதியது யார்?

[திரையில்: தட்டச்சு செய்த ஒரு தாள், கீழே பெருவிரல் ரேகை]

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. இந்தியாவிலும் சரி, இலங்கையிலும் சரி, சாதாரணக் குற்ற வழக்குகளில் இதுதான் அடிப்படை விதி. சினிமாவில் ஸ்டேஷனுக்குள் "நான்தான் சார் செஞ்சேன்" என்று கதறினால் கேஸ் முடிந்துவிடும். நிஜத்தில் அந்த ஒரு வரியை வைத்துத் தண்டிக்க முடியாது.

இந்த விதியைக் கொண்டுவந்தது மனித உரிமை அமைப்பு எதுவும் இல்லை, வெள்ளைக்காரன் ஆட்சிதான். வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மதராஸ் மாகாணத்தில் நடந்த கொடுமைகளை விசாரித்த ஒரு குழு, 1855இல் அறிக்கை கொடுத்தது. கிட்டி என்ற மரக்கருவிக்குள் விரல்களை வைத்து நெரிப்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அப்புறம் 1861இல் விதி வந்தது, 1872இல் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவானது. இலங்கையும் 1895இல் அதையே எடுத்துக்கொண்டது.

பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் கை வைத்தது இந்த இடத்தில்தான்.

[திரையில்: 1979, 1987]

இலங்கையின் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டம், 16ஆம் பிரிவு: உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேலான அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும். இந்தியாவின் 1987 தடா சட்டம், 15ஆம் பிரிவு: எஸ்.பி. பதிவுசெய்தால் போதும். அடித்து எழுதி வாங்கினார்கள் என்றால்? இலங்கையில் அதை நிரூபிக்க வேண்டியது கைதியின் பொறுப்பு. பூட்டிய அறைக்குள் நடந்ததற்குச் சாட்சிக்கு அவர் எங்கே போவார்?

இலங்கையில் இந்தச் சட்டத்தில் சிக்கிய சிங்கராசா என்பவரின் வழக்கைப் பாருங்கள். அவருக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். வாக்குமூலமோ சிங்களத்தில் தட்டச்சானது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரர். அதில் அவருடைய ரேகை. 1995இல் 50 ஆண்டு தண்டனை, மேல்முறையீட்டில் 35 ஆனது. வேறு சாட்சியமே கிடையாது. நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் வைத்தது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்த ஒப்பந்தத்தில் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு விரோதம் என்று கதவைச் சாத்தியது.

[திரையில்: 9 வோல்ட் பேட்டரி]

ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1991இல் கைதானபோது பேரறிவாளனுக்கு 19 வயது. இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் அவர் மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு. 1999இல் உச்ச நீதிமன்றம் இது தடா குற்றமே இல்லை என்றது. ஆனால் தடாவில் எடுத்த வாக்குமூலம் மட்டும் செல்லும் என்றது! தூக்குத் தண்டனை உறுதியானது. அந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013இல் வாய் திறந்தார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னாராம். அந்த வரியைத் தான் எழுதவில்லையாம். அந்த அதிகாரி சொன்னதில் யாரும் அடித்ததாகக்கூடப் பேச்சில்லை. பேனா போலீஸ் கையில் இருந்தது, அவ்வளவுதான். 2014இல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது, 2022இல் விடுதலை.

குண்டு வெடித்த வழக்கில் சாட்சி கிடைப்பது கஷ்டம் என்பார்கள். உண்மைதான். அதற்கு மாஜிஸ்திரேட் இருக்கிறாரே! "நீ ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும்" என்று எச்சரித்துவிட்டு அவர் பதிவுசெய்யலாம். பழைய சட்டத்திலேயே உள்ள வழி அது. அதை விட்டுவிட்டு எஸ்.பி.யைத் தேடியதற்கு எனக்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை.

தடா 1995இல் காலாவதியானது. அடுத்து வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவிலும் இதே ஏற்பாடு இருந்தது, 2004இல் போனது. இப்போது பயங்கரவாத வழக்குகளுக்குப் பயன்படும் உபா சட்டத்தில் இது இல்லை. அங்கே சிக்கல் ஜாமீனில், அதற்குத் தனி வீடியோ வேண்டும். கும்பலாகச் செய்யும் குற்றங்களுக்கான மகாராஷ்டிராவின் மோக்கா சட்டத்தில் இன்னும் இருக்கிறது. இலங்கை 2022இல் தன் சட்டத்தைத் திருத்தி, தடுப்புக் காவலை 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தது. 16ஆம் பிரிவை அந்தத் திருத்தம் தொடவில்லை.