அந்த இரண்டு நாள்

நடுவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கிற அம்மாமாரே, வணக்கம்.

இலங்கைப் பெண்கள் கிரிக்கெட் அணியை வளர்ப்பது ஊர் மைதானமா, வெளிநாட்டுச் சுற்றுப்பயணமா என்பது கேள்வி. சுற்றுப்பயணமே என்கிறது எங்கள் அணி. எனக்கு முன்னே பேசிய எதிரணித் தங்கச்சி, "போய்த் தோற்று வருவதற்கு விமானக் காசு எதற்கு? அதிலே திருகோணமலைப் பிள்ளைகளுக்கு வலைப்பயிற்சி கொடுங்கள்" என்றார். வலைப்பயிற்சி கட்டாயம் வேண்டும். நம் ஊர் மட்டைப்பந்து விளையாட்டான எல்லேயின் மட்டையோடு வளர்ந்த எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் "போய்த் தோற்று" என்றீர்களே, அதை நான் விடமாட்டேன்.

2023 ஆகஸ்ட் 31, இங்கிலாந்தின் ஹோவ் மைதானம். மழை குறுக்கிட்ட இருபது ஓவர் ஆட்டம். 12 ஓட்டத்தால் தோற்றோம். அன்றுவரை அந்த வகை ஆட்டத்தில் இங்கிலாந்தை நாம் ஒருமுறைகூட வென்றதில்லை. இரண்டே நாள் கழித்து, செல்ம்ஸ்ஃபோர்டில் அதே இங்கிலாந்து 104 ஓட்டத்துக்குச் சுருண்டது! நம் அணித்தலைவி சமரி அத்தபத்து 55 அடித்தார். 8 விக்கெட்டால் வெற்றி. டெர்பியிலும் வென்றோம். தொடர் 2-1 என்று நம் கைக்கு வந்தது. பின்வந்த ஒருநாள் தொடரில் தோற்றது உண்மை, மறைக்கவில்லை. உட்துறைமுகத்திலேயே தோணி வலித்தவனுக்கு வெளிக்கடல் அலை ஒரே நாளில் பிடிபடுமா?

இன்னொன்றும் நடந்தது, அதுதான் என் நெஞ்சிலே நிற்கிறது. இங்கிலாந்துப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான போட்டிக் கட்டணம் என்று அந்நாட்டுக் கிரிக்கெட் சபை அறிவித்தது அந்த வாரம்தான். நடைமுறைக்கு வந்தது நம்மோடு ஆடிய அந்தத் தொடரிலிருந்து. சம கூலி வாங்குகிற பெண்களை எதிரே நிறுத்தி, அவர்களை வென்றுவிட்டு வந்திருக்கிறார்கள் நம் பிள்ளைகள். நாளைக்குத் தங்களுக்கும் அதைக் கேட்க அவர்களுக்கு வாய் வரும். இந்தத் துணிவை எந்த வலைக்குள்ளே பழக்குவீர்கள்?

அடுத்த ஏப்ரல், தென்னாப்பிரிக்காவின் போட்செஃப்ஸ்ட்ரூம். இலக்கு 302. பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை எந்த அணியும் முந்நூறைத் துரத்திப் பிடித்ததில்லை. சமரி ஆட்டமிழக்காமல் 195. பிடித்துவிட்டோம்!

எதிரணியில் அடுத்து வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஹோவில் தோற்ற அணிக்கும் செல்ம்ஸ்ஃபோர்டில் வென்ற அணிக்கும் நடுவில் இருந்தது இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் எந்த ஊர் மைதானத்துக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள்? சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.